திறந்து பார்க்காத பூட்டு

ஜவ்வாது மலையில் ஐப்பசி மழை தொடங்கிவிட்டால், மாலை ஐந்து மணிக்கே இருள் கவியத் தொடங்கும். அத்தகைய ஒரு மாலையில், காவலூரைக் கடந்து ஆலங்காயம் நோக்கி இறங்கும் பாதையின் வளைவொன்றில், நமது பங்கின் பிக்கப் வண்டி பின்சக்கரம் காற்றிழந்து நின்றது. வண்டியை ஓட்டியது நாமே. அருகில், காய்ச்சல் முற்றி வலிப்பு கண்ட ஆறு வயதுச் சிறுமியை மடியில் கிடத்தியபடி அவளுடைய தாய் அமர்ந்திருந்தாள். பின்னே, பாரத்தட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சிறுமியின் தாத்தா இருந்தார். அவசர ஊர்தி வேறொரு நோயாளியுடன் முன்னமே மலையிறங்கியிருந்தது. ஆகவேதான் அச்சிறுமியைத் திருப்பத்தூர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு நம்மிடம் வந்தது.

பஞ்சர் ஆவது பெரிய செய்தியன்று. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர் எவரும் அதற்கு ஆயத்தமாகவே இருப்பர். ஜாக்கி இருந்தது, வீல் ஸ்பேனர் இருந்தது, காற்று நிறைந்த ஸ்டெப்னியும் வண்டியின் அடிப்புறத்தில் சங்கிலியால் தூக்கிக் கட்டப்பட்டுப் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைக் கீழே இறக்க வேண்டுமானால், அதன் குறுக்கே நாம் பொருத்தியிருந்த பூட்டைத் திறக்க வேண்டும். பூட்டுக்குச் சாவியும் இருந்தது. நம் இடுப்பிலேயே இருந்தது. சாவி பூட்டினுள் பாதிவரை சென்றது. அதன்பின் செல்லவுமில்லை, திரும்பவுமில்லை.

நான்கு மழைக்காலங்களின் சேறு அதன் வாயில் இறுகியிருந்தது. ஈரத் தரையில் படுத்து, கைவிளக்கு வெளிச்சத்தில் சேற்றைக் குச்சியால் நோண்டி எடுத்தோம். தாத்தா தம் பையிலிருந்த தேங்காயெண்ணெய்ச் சீசாவைக் கொடுத்தார். சில துளிகள் விட்டோம். பொறுத்திருக்க வேண்டிய நேரத்தில் நம்மால் பொறுக்க இயலவில்லை. வண்டிக்குள்ளிருந்து தாயின் அழுகுரல் கேட்டது. முழு வலிமையுடன் சாவியைத் திருகினோம். முறிந்த சாவியின் கைப்பிடி நம் விரல்களில் இருந்தது. மறுபாதி பூட்டுக்குள் இருந்தது.

ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் கழித்து, சாமை மூட்டைகள் ஏற்றிய சிறு சரக்கு வண்டியொன்று மேலிருந்து வந்தது. அதன் ஓட்டுநர் நமக்கு அறிமுகமில்லாதவர். செய்தியைக் கேட்டதும் ஒரு சொல்லும் பேசாமல் தம் உதவியாளரை மூட்டைகளின்மேல் ஏற்றிவிட்டு, தாயையும் பிள்ளையையும் முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு இறங்கிச் சென்றார். இறைவன் அருளால் சிறுமி பிழைத்தாள். மறுநாள் அவளைப் பார்க்கச் சென்றபோது, "இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால்..." என்று தொடங்கிய மருத்துவர், நம் முகத்தைப் பார்த்ததும் வாக்கியத்தை முடிக்காமலே விட்டுவிட்டார். முடிவுறாத அந்த வாக்கியம் இன்றும் நம் செவியில் உள்ளது.

ஆயினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வாக்கியம் மட்டுமன்று. சரக்கு வண்டி சென்றபின் தாத்தாவும் நாமும் பாதையோரத்தில் தனித்திருந்தோம். அவர் வண்டியின் அடியில் குனிந்து நெடுநேரம் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டார்:

"சாமி, இந்தப் பூட்ட யாருக்குன்னு போட்டீங்க?"

அதில் குத்தலோ குறும்போ இல்லை. அறிந்துகொள்ளவே கேட்டார். "திருடருக்காக" என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மை. நாம் ஒன்றும் சொல்லவில்லை. ஏனெனில் அந்தப் பூட்டு யாருக்காகப் போடப்பட்டது என்பது நமக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்குமோ என்ற அச்சமும் அப்போது நம்மைப் பற்றிக்கொண்டது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே வண்டியின் ஸ்டெப்னி காணாமற்போயிற்று. அந்த வாரத்தில் வண்டி ஓரிரவு சமவெளியில் ஒரு நகரத்தின் தெருவோரத்தில் நின்றது. மற்ற இரவுகளில் ஆலய வளாகத்தில் நின்றது. எங்கே, எப்போது களவு போயிற்று என்பது தெரியாது. சில நாட்கள் கழித்தே நாம் அதைக் கவனித்தோம். அக்காலத்தில் சனிக்கிழமைதோறும் வண்டியைக் கழுவித் தந்தவன் அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்த ஓர் இளைஞன். வண்டியின் அடிப்புறம்வரை அறிந்தவன் அவன் ஒருவனே என்று நம் மனம் சொல்லிற்று. வேறெந்தச் சான்றும் இல்லை. நாம் அவனை விசாரிக்கவில்லை. எவரிடமும் ஒரு சொல் கூறவுமில்லை. "நாம்தாம் யாரையும் குற்றஞ்சாட்டவில்லையே" என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டதும் உண்டு. வண்டிக் கொட்டகையின் சாவியை மட்டும் அவனிடமிருந்து திரும்பப் பெற்றோம். புதிய ஸ்டெப்னியை வாங்கிப் பூட்டும் போட்டோம். பூட்டு ஏறிய அந்தச் சனிக்கிழமை அவன் வழக்கம்போல் வந்து, வண்டியைக் கழுவி, அடிப்புறத்தையும் கழுவிவிட்டுப் போனான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. சில மாதங்களில் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

வாசக அன்பர்களே, நாம் எழுப்பும் கேள்வி இதுதான்: பூட்டுவது குற்றமா? குற்றமில்லையெனில், நம் மனச்சான்று ஏன் உறுத்துகிறது?

முதலில் பூட்டின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவோம். ஸ்டெப்னி என்பது ஓர் அழகிய கருத்து. மோட்டார் வண்டிகள் தோன்றிய தொடக்கத்தில் அவற்றுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. ஆணி குத்தினால் ஓட்டுநர் பாதையிலேயே அமர்ந்து டயரைக் கழற்றி ஒட்டுப் போட வேண்டியிருந்தது. 1904-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் லானெல்லி என்னும் ஊரில், டேவிஸ் என்னும் குடும்பப் பெயர் கொண்ட வால்டர், டாம் ஆகிய இருவர், காற்றடைத்த டயருடன் கூடிய தனி வளையமொன்றைச் செய்தனர். பழுதான சக்கரத்தைக் கழற்றாமலே அதன்மேல் இதைப் பற்றவைத்து வண்டியை ஓட்டிச் செல்லலாம். அவ்வூரின் ஸ்டெப்னி தெருவின் பெயரையே அதற்கு இட்டனர். அந்தக் கருவி மறைந்து நெடுங்காலமாயிற்று. இங்கிலாந்திலேயே அச்சொல்லை இன்று அறிந்தவர் குறைவு. நம் நாட்டிலோ மலையுச்சியிலுள்ள பஞ்சர்க் கடைக்காரரும் அதே தெருவின் பெயரைத்தான் சொல்கிறார். நாளை நேரக்கூடிய இடரை இன்றே எண்ணி, நான்கு சக்கரங்கள் ஓட, ஐந்தாவதை ஓயவைத்துச் சுமந்து செல்வது முன்மதியின் அடையாளம்.

அந்த ஐந்தாவது சக்கரத்தைக் காப்பதும் முன்மதியின் பகுதியே. பங்கின் வண்டி நம் சொந்த உடைமையன்று. இறைமக்கள் தந்த காணிக்கையில் வாங்கியது. நோயாளிகளையும் விடுதிப் பிள்ளைகளுக்குரிய அரிசியையும் சுமப்பது. கவனக்குறைவால் அதன் பாகங்களைக் களவுகொடுத்துவிட்டு, "நான் அனைவரையும் நம்புகிறேன்" என்று பெருமை பேசுவது அறமாகாது. மற்றவருடைய பொருளை வைத்துக்கொண்டு நாம் தாராளம் காட்டுவதற்கு அறநெறியில் இடமில்லை. மேலும், எளிதில் எடுக்கக்கூடியதாகப் பொருளை விட்டுவைப்பது, வறுமையில் உழலும் ஒருவனைச் சோதனைக்குள் தள்ளுவதுமாகும். பூட்டு நல்லவனைத்தான் தடுக்கும் என்று வழக்கில் சொல்வதுண்டு. நல்லவனாக இருக்க விரும்புகிறவனுக்கு அது துணை நிற்கிறது என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆகவே பூட்டு என்பது தன்னளவில் பாவமன்று. மாங்காய்ப் பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லின் கைவினைஞர்கள், 2019-ஆம் ஆண்டில் தம் பூட்டுகளுக்குப் புவிசார் குறியீடு பெற்றார்கள். அவர்களுடைய உழைப்பை எவரும் அவநம்பிக்கையின் தொழில் என்று இகழமாட்டார்.

அப்படியானால் குறை எங்கே? இக்கேள்வியோடு குருமடக் காலத்துப் புத்தகங்களைப் புரட்டினோம். புனித அக்குவினா தோமையாரின் இறையியல் பெருநூலுக்கு இலத்தீனில் 'சும்மா' என்று பெயர். மாணவப் பருவத்தில் அப்பெயரை வைத்துத் தமிழில் வேடிக்கை பேசியதைத் தவிர, பல பகுதிகளை நாம் உண்மையிலேயே சும்மாதான் வாசித்திருந்தோம் என்பது இப்போது விளங்கிற்று. அந்நூலின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவில், தீர்ப்பிடுதல் பற்றிய அறுபதாம் வினாவில், ஐயுறவைப் பற்றி அவர் விரிவாக ஆராய்கிறார்.

ஐயுறவு பிறக்கும் வழிகள் மூன்று என்கிறார் தோமையார். தன்னிடமே தீமை இருப்பதால், பிறரும் அப்படியே இருப்பர் என்று எண்ணுவது ஒன்று. ஒருவர்மீது ஏற்கெனவே வெறுப்போ சினமோ இருப்பதால், சிறு குறிப்பைக் கண்டதும் அவரைத் தீயவர் என நினைப்பது மற்றொன்று. நெடுநாள் பட்டறிவினால் வருவது மூன்றாவது. முதியவர்கள் மிகுந்த ஐயுறவுடையவர்கள் என்று அரிஸ்டாட்டில் கூறியதை இதற்கு அவர் எடுத்துக்காட்டுகிறார். ஐம்பதைக் கடந்த நமக்கு அந்த வரி கசப்பாகவே இருந்தது. பல பங்குகளில் பலமுறை ஏமாந்ததனால் நாம் கெட்டிக்காரராகிவிட்டோம் என்று எண்ணியிருந்தோம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் மறுபெயரை அவர் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார்.

அதன்பின் அவர் சொல்வது இன்னும் கூர்மையானது. தெளிவான சான்று இல்லாதபோது, பிறருடைய செயலை நல்லபடியாகவே பொருள்கொள்ள வேண்டும் என்கிறார். அவ்வாறு செய்தால் நாம் அடிக்கடி ஏமாறுவோமே என்னும் மறுப்பை அவரே எழுப்பி, அவரே விடையும் தருகிறார்: தீயவனைப் பற்றி நல்லெண்ணம் கொண்டு பலமுறை ஏமாறுவது, நல்லவனைப் பற்றித் தீயெண்ணம் கொண்டு சிலமுறை ஏமாறுவதைவிட மேலானது. ஏனெனில் முதலாவதில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை. இரண்டாவதில் ஒரு மனிதருக்கு அநீதி இழைக்கப்படுகிறது. களவுபோன ஒரு டயரின் விலையை நாம் கணக்கிட்டோம். ஒருவனைக் கள்வனாக எண்ணியதன் விலையை எந்தக் கணக்கேட்டிலும் எழுதவில்லை.

அப்படியென்றால் வண்டியைத் திறந்துபோட்டுவிட வேண்டுமா? இல்லை. இங்கேதான் நம் சிக்கலை அவிழ்க்கும் ஒரு வேறுபாட்டைத் தோமையார் தருகிறார். தீமைக்குப் பரிகாரம் தேடும்போது, மோசமானது நடக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்வது தக்கதே. ஆனால் அப்படி வைத்துக்கொள்வது வேறு. அதுவே உண்மை என முடிவுகட்டுவது வேறு. முதலாவது, ஓர் ஊகத்தை ஊகமாகவே ஏற்றுச் செய்யும் காப்பு. இரண்டாவது, சான்றில்லாத தீர்ப்பு. வைத்தியர் நோய் கடுமையாக இருக்கலாம் என்று எண்ணி மருந்து கொடுக்கிறார். அதற்காக நோயாளி இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுப்பதில்லை.

ஆக, ஒரே பூட்டு இரண்டு பொருள் தரக்கூடும். "யாரேனும் எடுக்கக்கூடும்" என்று சொல்லும் பூட்டு காப்பு. "நீ எடுத்தாய்" என்று சொல்லும் பூட்டு தீர்ப்பு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே இரும்புதான். 1992-ஆம் ஆண்டில் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எட்டாம் கட்டளையின் கீழ் இக்குற்றத்தைப் பேசுகையில், வாய்திறந்து சொல்லாமல் உள்ளத்தில் மட்டும் போதிய ஆதாரமின்றி அயலாரின் குற்றத்தை உண்மையென ஏற்பதையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. ஆகவே, "நாம் ஒன்றும் சொல்லவில்லையே" என்ற நமது பெருமைக்கு அங்கே இடமில்லை. நாம் வாயால் சொல்லவில்லைதான். பூட்டினால் சொன்னோம், அவனுக்கு அது விளங்கவும் செய்தது.

இத்தகைய தீர்ப்பு தனிமனிதர் உள்ளத்தோடு நிற்பதில்லை. ஒரு நாட்டின் சட்டமாகவும் அது ஆகியிருக்கிறது. 1871-இல் ஆங்கிலேய அரசு இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம், பிறப்பினாலேயே மக்களைக் குற்றவாளிகளாக எண்ணியது. 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. நாடு விடுதலை பெற்று, 1952-இல்தான் இந்தியா முழுமைக்கும் அது முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் எவரும் திறந்து பார்க்காத ஒரு பூட்டு அது.

நம் மலையும் இதை அறியாததன்று. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரால் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட அவர்கள் தமிழகத்தின் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலைப் பகுதியினரும் அவர்களுள் இருந்தனர். அந்நிகழ்வின் வழக்கையும் வாதங்களையும் இங்கே ஆராய்வது நம் நோக்கமன்று. அதன்பின் நாம் கண்ட ஒன்றை மட்டும் சொல்வோம். கூலி வேலைக்குப் பையுடன் பேருந்தேறும் மலைவாழ் இளைஞனைச் சமவெளியில் சிலர் பார்க்கும் பார்வை மாறிப்போயிற்று. எந்த ஊர் என்று கேட்பார்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் என்று அவன் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். அப்படிப் பார்ப்பவர்களைக் கண்டித்து நாம் மறையுரையும் ஆற்றியிருக்கிறோம். அந்த மறையுரையை ஆற்றிய ஞாயிறன்றும், ஆலயத்துக்கு வெளியே நின்ற வண்டியின் அடியில் நம் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

காப்பையும் தீர்ப்பையும் வேறுபடுத்தி அறிவது எப்படி? உள்ளத்தைத் துருவிப் பார்த்து இதற்கு விடை காண்பது கடினம். உள்ளம் தனக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும். ஆனால் மறுநாள் ஜமுனாமரத்தூரிலிருந்து வந்து ஆக்சா பிளேடால் அந்தப் பூட்டை அறுத்த மெக்கானிக், தம்மை அறியாமலே எளிய ஓர் அளவுகோலைத் தந்துவிட்டார். அறுபட்ட பூட்டை நம் கையில் வைத்து, "பூட்டுல தப்பு இல்ல ஃபாதர், மாசம் ஒருதரம் திறந்து மூடியிருந்தா பத்து வருசம் உழைச்சிருக்கும். போட்டதோட விட்டுட்டீங்க" என்றார்.

அவர் சொன்னதில் அறிவியல் உண்மை உண்டு. இரும்பு, நீரோடும் காற்றிலுள்ள உயிர்வளியோடும் கூடித் துருவாக மாறும்போது, அது முன்பிருந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கிறது. பூட்டின் உள்ளுறுப்புகளுக்கிடையே இருப்பதோ மயிரிழை இடைவெளி. துரு அதை நிரப்பியதும் உறுப்புகள் ஒன்றையொன்று நெருக்கி அசைவற்று நின்றுவிடும். அப்போது விசை காட்டினால் முறிவது சாவிதான். மண்ணெண்ணெயோ துரு நீக்கும் எண்ணெயோ விட்டு, அது உள்ளே ஊறும்வரை காத்திருந்து, மெல்லத் தட்டி, சாவியை இப்புறமும் அப்புறமும் சிறிது சிறிதாக அசைத்துத்தான் அதைத் திறக்க வேண்டும். வண்டிக்கு அடியில் டீசல் கலமும் ரப்பரும் இருப்பதால் நெருப்புக் காட்டுவது பேராபத்து. நான்கு ஆண்டுகளின் இறுக்கத்தை நான்கு நிமிடங்களில் அவிழ்க்க நினைத்ததே அன்று நாம் செய்த கடைசித் தவறு.

பூட்டுகளின் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. இலண்டனில் ஜோசப் பிராமா என்பவர், 1784-இல் தாம் காப்புரிமை பெற்ற பூட்டின்மீது கொண்ட நம்பிக்கையால், 1790-இல் அதைத் தம் கடையின் சன்னலில் வைத்து, சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எவராலும் அதைத் திறக்க இயலவில்லை. 1851-இல் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்துவிட்டார். மனிதர் செய்த பூட்டு எதுவாயினும், வேறொரு மனிதர் பொறுமையோடு முயன்றால் திறந்துவிடும். உரிய சாவியை வைத்திருப்பவராலேயே திறக்க முடியாத பூட்டை எந்தக் கொல்லரும் செய்யவில்லை. அதைச் செய்வது கவனியாமை ஒன்றே.

ஒருவரைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணமும் இப்படிப்பட்டதே. அதை ஊகமாக மட்டும் வைத்திருந்தால், அவ்வப்போது திறந்து பார்ப்போம். "இன்னும் அப்படித்தான் எண்ண வேண்டுமா? புதிதாக ஏதேனும் தெரிந்ததா? அவனிடமே கேட்டோமா?" என்று வினவுவோம். திறந்து மூடப்படும் பூட்டு காப்பு. திறந்து பார்க்க வேண்டும் என்ற நினைவே நமக்கு எழாவிட்டால், அது எப்போதோ தீர்ப்பாகிவிட்டது என்று அறியலாம். குடும்பங்களில் இதை நாள்தோறும் காண்கிறோம். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வீட்டில் காணாமற்போன மோதிரத்துக்காக இன்றும் பேசிக்கொள்ளாத சகோதரியர் உண்டு. இவர்களுள் எவரும் மற்றவரை வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டியதில்லை. கேட்காமலே பூட்டிவிட்டார்கள், ஆண்டுகள் செல்லச் செல்ல அதைத் திறக்கும் வழியும் அடைபட்டுவிட்டது.

வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என்னும் அதிகாரத்தை இக்கருத்தில்தான் முடிக்கிறார். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பி ஏற்றுக்கொண்டபின் அவர்மீது ஐயம் கொள்வதும் தீராத துன்பத்தையே தரும் என்பது 510-ஆம் குறளின் கருத்து. இரண்டையும் அவர் ஒரே தட்டில் வைப்பதைக் கவனிக்க வேண்டும். அந்த இளைஞன் நம் கொட்டகைச் சாவியை மூன்றாண்டுகள் வைத்திருந்தவன். அத்தனை நாள் தெளிந்த தெளிவை, ஒரு டயர் போனதும், ஒரு கேள்விகூடக் கேட்காமல் நாம் துறந்துவிட்டோம். கேட்டிருந்தால் அவன் கோபித்திருக்கலாம், அழுதிருக்கலாம், நமக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லியுமிருக்கலாம். எதுவாயினும் அவனுக்குப் பேச ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். மௌனமான தீர்ப்பில் எதிர்வாதத்துக்கு இடமில்லை.

இனி, ஈடுசெய்தல் பற்றிய கேள்வி எஞ்சுகிறது. பிறருடைய பொருளை எடுத்தால் திருப்பித் தர வேண்டும். பிறருடைய நற்பெயரைக் கெடுத்தால் அதையும் மீட்டுத் தர வேண்டும் என்பது அறநெறி இறையியலின் பாடம். சொல்லால் கெடுத்ததைச் சொல்லால் மறுக்கலாம். பூட்டினால் கெடுத்ததை எப்படி மறுப்பது? பீடத்திலிருந்து அவன் பெயரைச் சொல்லி, "இவன் திருடவில்லை" என்று அறிவிக்கலாமா? அதுவரை அறியாதவர்களும் அன்று அறிந்துகொள்வார்கள். அவன் பெயர் இரண்டாம் முறை கெடும். மேலும், அவன் எடுக்கவில்லை என்பதையும் நாம் அறியோம். அவன் எடுத்தான் என்பதற்கு நம்மிடம் எதுவும் இல்லை என்பதை மட்டுமே அறிவோம். அவன் குற்றமற்றவன் என்று மெய்ப்பித்தால்தான் மன்னிப்புக் கேட்போம் என்று காத்திருப்பது, அதே தவற்றை மறுமுறை செய்வதாகும்.

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு அவன் ஊருக்கு வந்திருப்பதாக அறிந்து, அவனுடைய வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்து, நடந்ததைச் சொன்னோம். "தம்பி, உன்னைக் கேட்காமலே உன்மீது ஐயம் கொண்டோம். அது நமது பிழை, மன்னித்துக்கொள்" என்றோம். அவன் நெடுநேரம் தரையைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "அப்பவே கேட்டிருக்கலாம் சாமி" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய தாய் குடிக்க மோர் கொடுத்தார்கள். எழுந்து வந்தோம். அவன் நம்மை மன்னித்தானா என்பது தெரியாது. கட்டாயப்படுத்திக் கேட்க நமக்கு உரிமையுமில்லை. அவன் மீண்டும் திருப்பூருக்கே சென்றுவிட்டான். அந்த ஸ்டெப்னியை எடுத்தவர் யார் என்பதும் இன்றுவரை தெரியாது. தெரியாமலே இருக்கட்டும், தெரியாததைத் தெரிந்ததாக எண்ணியதால் வந்த கேடு போதும்.

வண்டியில் இப்போதும் ஸ்டெப்னிக்குப் பூட்டு உண்டு. பூட்டாமல் விடும் அளவுக்கு நாம் புனிதராகிவிடவில்லை. பங்கின் பொருளைக் காக்கும் கடமையும் மாறவில்லை. ஆனால் அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று நம்மிடம்; மற்றொன்று ஆலய வளாகத்தின் சமையற்கூடத்தில், வருவோர் போவோர் அனைவரும் அறிய, ஆணியில் தொங்குகிறது. மழைக்காலத்தில் அதன் வாயைச் சேறு படாதபடி ரப்பர்த் துண்டால் மூடுகிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று அதைத் திறந்து, துடைத்து, சிறிது எண்ணெயிட்டு மூடுகிறோம். சென்ற மாதம் அந்தத் தாத்தா ஆலயத்துக்கு வந்தபோது, நாம் வண்டியின் அடியில் படுத்திருப்பதைக் கண்டு, "என்ன சாமி, மறுபடியும் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். "இல்லை ஐயா, திறக்கிறதா என்று பார்க்கிறோம்" என்றோம். அவருடைய பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அன்பர்களே, ஒவ்வோர் இரவும் மனச்சான்றை ஆய்வுசெய்யும் பழக்கம் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அன்று செய்த பிழைகளை எண்ணிப் பார்க்கிறோம். அதனோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது: யார்மீது நாம் போட்ட பூட்டு நெடுநாளாகத் திறக்கப்படாமல் இருக்கிறது? அவசரம் நேரும் நாளில் அது திறக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நேரம் இருக்கும்போதே, வெளிச்சம் இருக்கும்போதே, சாவியைப் போட்டுப் பார்ப்போம்.